கேபினுக்குள் ஒன்றரை அடி மாமா

என் அக்கா ஜெயபிரியாவின் மஞ்சள் நீராட்டு விழா பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. போன வியாழக்கிழமைதான் முடிந்தது.

தாமதத்துக்குக் காரணம் ஃப்ளெக்ஸ் பேனர். மண்டப வாசலில் ஒரே ஒரு நாள் நின்ற அதை வீணாக்க மனமில்லாமல், அப்பா சுருட்டிக்கொண்டுபோய்த் தன் ட்ரெய்லர் லாரியின் கேபினில் திரையாகக் கட்டிவிட்டார். இரண்டு டிரைவர்கள் போகும் வண்டி அது. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார். தூங்குகிறவர் கண்ணில் எதிர் வண்டி வெளிச்சம் படாமல் நடுவில் ஒரு மறைப்பு வேண்டும். அந்த மறைப்பாக அக்கா பன்னிரண்டு வருடம் பணியாற்றினாள். ஓனர் இரண்டு முறை வண்டியை மாற்றினார். அப்பா ஃப்ளெக்ஸை மாற்றவில்லை.

அதில் பதின்மூன்று வயது அக்கா தலையில் கிரீடத்தோடு மயில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பாள். பின்னணியில் ஒகேனக்கல் அருவி. அருவியின் உச்சியில், எந்தப் பரிசல்காரரும் இதுவரை பார்த்திராத இரண்டு அன்னப்பறவைகள். கீழ் மூலையில் எட்டு வயது நான் கூலிங் கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்து யாரிடமோ அவசரமாகப் பேசிக்கொண்டிருப்பேன். எனக்குக் கீழே ‘விழாக் குழுத் தலைவர் சத்யராஜ்’ என்று போட்டிருக்கும். குழுவில் வேறு யாரும் இல்லை.

இதனால் நாட்டின் பாதி நெடுஞ்சாலைகளில் அக்கா பிரபலம். போன வருடம் வழி பழகுவதற்காக அப்பாவோடு போனவள், ஓங்கோல் பக்கம் ஒரு டீக்கடையில் இறங்கியிருக்கிறாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, தன் தலைக்கு மேல் விரலால் கிரீடம் வரைந்து காட்டி, நீதானே என்று தெலுங்கில் கேட்டாராம். அக்காவுக்குத் தெலுங்கு புரியும். அதுதான் கஷ்டம்.

அக்காவிடம் கனரக வாகன லைசென்ஸ் இருக்கிறது. இரண்டு வருடம் பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு மினி லாரி ஓட்டினாள். தொப்பூர் இறக்கத்தில் அவள் கியர் மாற்றும் அழகைப் பற்றி அப்பா கல்யாண வீடுகளில், யாரும் கேட்காமலே, விளக்குவார். அக்காவுக்கு ஒரே ஆசை. ட்ரெய்லர் ஏற வேண்டும். அப்பாவோடு ஓட்டிக்கொண்டிருந்த ஆண்டி அண்ணன் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வேலையை விட்டதும், அக்கா நேராக ஓனர் பிரபாகரிடம் போய் நின்றாள்.

“எனக்கொண்ணும் இல்லம்மா,” என்றார் ஓனர். ஆரம்பத்திலேயே அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஏதோ இருக்கும். “ஆனா கேபின்ல லேடீஸுக்குன்னு ஒரு மறைப்பு இல்லியே. கூட வர்றது அப்பனே ஆனாலும், நீ துணி மாத்தணும், படுக்கணும். அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிக்கிட்டுப் போனா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. ஒழுங்கா ஒரு கர்ட்டன் போடுங்க. வியாழக்கெழம நாலு மணிக்கு வந்து பாக்கறன். சரியா இருந்துச்சுன்னா மெட்ராஸ் ஹார்பர் போற மாங்கூழ் லோடு உன்னுது. இல்லன்னா டிரைவர் அருள்குமார் ஏறிக்குவான்.”

கர்ட்டன் விஷயத்தை நாங்கள் மறந்துவிடுவோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அக்கா அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், ட்ரெய்லர் ஓட்டுவது போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடி பார்த்தாள். ரிவர்ஸ் எடுத்தாள்.

கர்ட்டன் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் ஆண்டு. வீட்டில் அளவு என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி அப்போது சர்வீஸுக்குப் போயிருந்தது. ஃப்ளெக்ஸை அம்மா கழுவிக் கொடியில் போட்டிருந்தாள். நான் டேப் எடுத்து அதை இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் ஐந்தடி அகலம் வந்தது. வெளிச்சம் புகாத கெட்டித் துணியில், சாம்பல் நிறத்தில், ஐந்தடிக்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். கேபினையும் அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

வியாழக்கிழமை பகல் ஒரு மணி. பைபாஸ் ஓரம் ஓனரின் யார்டில் வண்டி கன்டெய்னரோடு நின்றது. வேப்பமரத்தடியில் அருள்குமார் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“நான் எதுவும் நெனைக்கலம்மா,” என்றார் அக்காவிடம். “ஏறுன்னா ஏறுவன், போடான்னா போவன். குளிச்சிட்டு மட்டும் வந்துட்டன்.”

கேபினுக்குள் ஏறிப் புதுத் திரையைப் பிடித்துப் பார்த்தோம். இடது ஓரத்தில் தொடங்கியது. ஐந்தடி போனது. அதற்குப் பிறகு போகவில்லை. வலது ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கேபின் திறந்து கிடந்தது.

“கேபின் ஆறரை அடிடா,” என்றாள் அக்கா.

“ஃப்ளெக்ஸ் அஞ்சடிதான் இருந்துச்சு.”

“ஃப்ளெக்ஸுல மாமன் எங்க இருக்குது?”

அப்போதுதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது.

மாதேஷ் மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலையில் ஒரு சிறு குடிசை கட்டி அவளை உள்ளே உட்கார வைக்க வேண்டும். குச்சு என்று பெயர். அதைக் கட்டும் உரிமை தாய்மாமனைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. மாமாவும் கட்டினார். பந்தி நடக்கும் நேரத்தில் அது சாய்ந்து வீடியோகிராபர் மேல் விழுந்தது. அந்த வீடியோவில் கடைசி இரண்டு நிமிடம் வெறும் பச்சையாக இருக்கும். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிரீடம் காப்பாற்றியது. ஆனால் அப்பா, பக்கத்தில் மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், “சீட் கவர் தைக்கறவன் குச்சு கட்டினா இப்பிடித்தான் மடங்கும்” என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. மாமா தருமபுரியில் குஷன் கடை வைத்திருப்பவர். இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். அதன்பிறகு அவரும் அப்பாவும் பேசவில்லை.

ஃப்ளெக்ஸில் ஓரமாக மாமா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அப்பா அதைக் கேபினில் கட்டும்போது மாமாவை மட்டும் பின்பக்கமாக மடித்து, கோணி ஊசியால் தைத்துவிட்டார். மாமாவின் அகலம் ஒன்றரை அடி. கேபினில் அந்த இடத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொள்வார். நான் அளந்தது அந்த மடித்த அளவை. குடும்பச் சண்டையைக் கழித்துவிட்டு.

“விட்றா, அந்த எடத்துல என் சட்டையவே மாட்டிக்கலாம்,” என்றார் அப்பா.

“ஓனரு உன் சட்டையப் பாத்துட்டுச் சாவி குடுப்பாரா?”

“ரெண்டு சட்டை மாட்டலாம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “பைக்க எடு. மாமா கடைக்குப் போலாம்.”

அப்பா வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருடமாகக் கிழிந்த சீட்டில் சாக்கு போட்டு உட்கார்ந்து ஓட்டுகிற மனிதர். ஊரில் இருக்கும் நல்ல குஷன் கடை மாமாவுடையது என்பதால். ஏதோ சொல்ல வந்தவர், புதுத் திரையை மடிக்க ஆரம்பித்தார். மணி ஒன்று இருபது.

மாமா கடை சேலம் ரோட்டில். வாசலில் மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. காதில் சாக்பீஸ் செருகிக்கொண்டு மெஷினில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும், “வாங்க பாப்பா, வா மாப்ள, டீ சொல்லட்டா?” என்றார்.

“டீக்கு நேரமில்ல மாமா. ஒரு கேபின் கர்ட்டன் போடணும். நாலு மணிக்குள்ள.”

“எந்த வண்டிக்கு?”

“அப்பா வண்டிக்கு.”

மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. “திங்கக்கெழம கொண்டாங்க. மூணு வண்டி நிக்குது.”

அக்கா மெஷினுக்கு எதிரில் போய் நின்றாள். “அப்பாவுக்கு இல்லீங்க மாமா. எனக்கு. இன்னிக்கு நான் வண்டி ஏறறன். கேபின்ல எனக்கு மறைப்பு கட்டணும். பொண்ணுக்கு மறைப்பு கட்டறது யாரு, தாய்மாமன்தான? அன்னிக்குக் கட்டினது பந்தி முடியற வரைக்குங்கூட நிக்கல. மிச்சம் இருக்குதில்ல?”

மெஷின் நின்றது.

“நீங்க முடியாதுன்னா சொல்லிடுங்க. பக்கத்துக் கடையில கேக்கறன். ஆனா என் குச்ச வேற எவனோ கட்டினான்னு ஊர்ல பேசினா நான் பொறுப்பில்ல.”

“எவன் கட்டுவான்,” என்றார் மாமா. எழுந்துவிட்டார். காதிலிருந்த சாக்பீஸ் கைக்கு வந்துவிட்டது. “எத்தினி அடி?”

“ஆறரை அடி மாமா,” என்றேன்.

“யாரு அளந்தது?”

“நான்தான்.”

“சரி. கம்பிக்கு நானே வந்து அளந்துக்கறன்.”

துணிக்கு அலமாரியைத் திறந்தார். திரைக்கு ஏற்ற கெட்டித் துணி ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. கிளிப்பச்சை. ஒரு பஸ் முதலாளி ஆர்டர் கொடுத்துவிட்டு, துணியை நேரில் பார்த்த பிறகு போனையே எடுக்கவில்லையாம். அக்கா அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “ஓலை கலர்லயே கெடைச்சிருக்குது மாமா.” மாமா சிரிக்கவில்லை. பத்தடி அளந்து வெட்டினார். எதற்குப் பத்தடி என்று கேட்டேன். “திரைன்னா மடிப்பு வேணும் மாப்ள. ஆறரைக்கு ஆறரை போட்டா அது கதவு.” கணிதத் துறையில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் தைத்த வேகத்தில் ஓர மடிப்பு, உள்ளே வைத்த கறுப்புத் துணி எல்லாம் இரண்டே கால் மணிக்குள் முடிந்துவிட்டது. திரை ஓடும் அலுமினிய சேனல், டிரில்லிங் மெஷின், ஸ்க்ரூ டப்பா எல்லாவற்றையும் பைக்கில் என் மடியில் ஏற்றினார்கள். அக்கா ஓட்டினாள். பைபாஸில் அவள் போன வேகத்தில் சேனல் காற்றில் பாடிக்கொண்டே வந்தது. மாமா தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். கிளம்பும் முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: உங்கப்பன் என்கிட்ட பேசக் கூடாது.

அப்பாவின் நிபந்தனையும் அதேதான். அக்காவுக்கு உரிமைக்காரன் வந்து கட்டுவதைத் தடுக்க முடியாது. ஆனால் பேச வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. ஆறரை அடிக் கேபினுக்குள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். நடுவில் நான்.

“சத்யா, கம்பி நாலு ஸ்க்ரூவுல நிக்கும்னு அவருகிட்ட சொல்லு,” என்றார் அப்பா.

“மாமா, நாலு ஸ்க்ரூவுல நிக்குமாம்.”

“மைக்குல சொல்லச் சொல்லு மாப்ள. நல்லாக் கேக்கட்டும்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இருக்கவில்லை.

மாமா பதினாறு ஸ்க்ரூ போட்டார். ஒவ்வொன்றையும் முடுக்கிவிட்டு அதில் தொங்கிப் பார்த்தார். கீழே அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி சொல்லிக்கொண்டிருந்தாள். மூணு. மூணு அஞ்சு. டயர்களைச் சுற்றி வந்தாள், காற்று பார்த்தாள், முன்கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். அருள்குமார் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

சர்வீஸ் முடிந்ததும் அப்பா திரும்பக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸைக் கழற்ற மாமா கை வைத்தபோதுதான் அந்த மடிப்பு அவர் விரலில் தட்டுப்பட்டது. தடித்த தையல். தையல்காரர் அல்லவா, பார்த்ததும் பிளேடு எடுத்துவிட்டார். நூல் டர்ரென்று பிரிந்தது. மடிப்பு திறந்தது.

பன்னிரண்டு வருட வெயிலில் நாங்கள் எல்லோரும் வெளுத்துப் போயிருந்தோம். அக்காவின் கிரீடம் வெள்ளியாகிவிட்டது, அருவியில் தண்ணீர் இல்லை, அன்னப்பறவைகள் இருந்த இடத்தில் இரண்டு கறை. உள்ளே மடிந்திருந்த மாமா மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தார். ரோஸ் கலர் சட்டை, கறுகறு மீசை, கைகூப்பு. கேபினில் அவர் ஒருவர்தான் இளமையாக இருந்தார்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கென்று இல்லாமல், “வெட்டி எறிஞ்சிருக்கலாமே,” என்றார்.

நான் திரும்பி அப்பாவிடம் சொல்வதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார். “வெட்டுனா ஓரம் பிரிஞ்சிரும்.”

அது நேரடியாகச் சொல்லப்பட்டது என்பதை இருவருமே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்கள். கவனித்ததும் இருவரும் ரொம்ப மும்முரமாகிவிட்டார்கள். அப்பா திரைக்கொக்கி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மாமா வாங்க ஆரம்பித்தார். எனக்கு வேலை போய்விட்டது.

மூன்று ஐம்பதுக்கு யார்டு வாசலில் ஓனரின் கார் ஹாரன் கேட்டது. எப்போதும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர், அன்று பத்து நிமிடம் முன்னால். அப்பா கீழே குதித்தார். நானும் குதித்தேன். மாமா உள்ளே படுக்கையில் மண்டியிட்டு, கடைசி நாலு கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். திரை முழுக்க மூடியிருந்தது.

ஓனர் ஏறினார். முன் சீட்டில் குனிந்து நின்று திரையைப் பார்த்தார்.

“போட்டுட்டீங்களா,” என்றார். குரலில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. “என்னம்மா இது, இத்தினி பச்சையா?”

“கண்ணுக்குக் குளிர்ச்சிங்க சார்,” என்றாள் அக்கா படியில் நின்றபடி.

“கலர் கெடக்கட்டும். மூடினா உள்ள ஆள் இருக்கறது வெளிய தெரியக் கூடாது. நிழல்கூட விழக் கூடாது. அதான் மேட்டர். இப்ப வெறும் கேபின்ல மூடி வெச்சுட்டு சூப்பரா இருக்குதுன்னா எப்பிடி ஒத்துக்கறது? உள்ள ஒரு ஆள உட்கார வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“உட்கார்ந்துதான் இருக்கறன் சார்,” என்றது திரை.

ஓனர் நிமிர்ந்தார். கேபின் கூரை அவ்வளவு உயரம் இல்லை. தலையைத் தேய்த்துக்கொண்டே, “யாருய்யா அது?” என்றார்.

“பொண்ணோட தாய்மாமனுங்க.”

ஓனர் திரைக்கு மிக அருகில் கண்ணைக் கொண்டுபோனார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. அடுத்த காரணத்தைத் தேடுவது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. கண்டுபிடித்தும் விட்டார். “சரி. பிரேக் அடிச்சா இது நிக்குமா? பாரமா இருக்குதே. அவுந்து ஓட்டறவன் தலைமேல விழுந்தா?”

“தொங்கிப் பாருங்க சார்,” என்றது திரை.

ஓனர் தொண்ணூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். இரண்டு கையாலும் திரையைக் கொத்தாகப் பிடித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த வீடியோகிராபர் ஞாபகம் வந்தார். அக்கா கண்ணை மூடவில்லை, சேனலையே பார்த்தாள். ஓனர் காலை மடக்கித் தன் எடை முழுவதையும் அதில் விட்டார்.

டப் என்று ஒரு சத்தம்.

ஓனர் மெதுவாகக் கீழே பார்த்தார். அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று கியர் பக்கம் உருண்டு போய்க்கொண்டிருந்தது. திரை அப்படியே நின்றது. சேனல் நூலளவுகூட இறங்கவில்லை.

ஓனர் இன்னும் கொஞ்ச நேரம் தொங்கினார், நியாயத்துக்காக. அப்போது வேப்பமரத்தடியிலிருந்து அருள்குமாரின் குரல் வந்தது. “சார், அப்ப நான் வூட்டுக்குப் போவட்டுங்களா? மத்தியானமே சாப்பிடல.”

ஓனர் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். வழக்கம்போல அப்பா பக்கம் நீட்டினார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாவி ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு படியில் நின்றவள் பக்கம் திரும்பியது.

அக்கா அதை வாங்கிய வேகத்தில் நான் சாவியைப் பார்க்கவே இல்லை.

திரை சர்ரென்று விலகியது. மாமா வியர்வையும் அலுமினியத் தூளுமாக வெளியே தலை நீட்டினார். அப்பா கீழிருந்து அவரைப் பார்த்தார். “மாப்ள,” என்றார். “நிக்குது.”

“ம்,” என்றார் மாமா.

அதற்குள் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். அவள் கையில் மூன்று தூக்குவாளிகள். இரண்டு வண்டிக்கு என்று சொன்னாள்; மூன்றாவது யாருக்கு என்று சொல்லவில்லை.

நான் ஆன்லைனில் வாங்கிய சாம்பல் திரையை மாமா இரண்டாக வெட்டிப் பக்கத்து ஜன்னல்களுக்கு மாட்டிவிட்டார். ஃப்ளெக்ஸில் தன் ஒன்றரை அடியை மட்டும் தனியே வெட்டி எடுத்துக்கொண்டார். கடையில் ஓரம் அடித்துக்கொள்வாராம். மிச்சத்தை அம்மா விறகுக்கு மேல் போர்த்த வாங்கிக்கொண்டாள். படம் கீழே பார்த்தபடிதான் போட வேண்டும் என்று அக்கா சத்தியம் வாங்கினாள். விழாக் குழுத் தலைவர் என்ற முறையில் நான் எதிர்ப்புத் தெரிவித்தேன். பதிவாகவில்லை.

ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. அக்கா ஓட்டினாள். யார்டு வாசல் குறுகல். அப்பாவே இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்புவார். அக்கா ஒரே எடுப்பில் வெளியே கொண்டுபோனாள். கன்டெய்னரின் கடைசிச் சக்கரம் வாசல் கல்லை ஒட்டி, தொடாமல் போனது. ஓனர் கைதட்ட ஆரம்பித்து, சட்டை திறந்துகொள்ளவே நிறுத்திவிட்டார். பைபாஸில் ஏறியதும் அக்கா ஒரு ஹாரன் அடித்தாள் பாருங்கள், பென்னாகரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமா ஸ்கூட்டரை எடுக்கப் போனார். அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். “சாப்பிடாம போவாத.”

வேப்பமரத்தடியில் இலை போட்டாள். அருள்குமாருக்கும் ஒன்று. மாமா இலை முன்னால் உட்கார்ந்தார். இந்த முறை கை வைத்தார். கோழிக்குழம்பு. பேசிப் பேசி இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆறேகாலுக்கு, அவர் போன் அடித்தது. இடது கையால் ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, கிருஷ்ணகிரி டோல் தாண்டிட்டன். ஓரமா நிறுத்தி டீ குடிக்கறன்,” என்றாள் அக்கா. வண்டி நின்றிருந்தும் அவள் குரல் ஓட்டத்தில்தான் இருந்தது. “மாமா, மேல ஒக்காந்தா ஊரே கீழ போவுது மாமா.”

“கர்ட்டன்?”

“ரெண்டு தடவ பிரேக் அடிச்சுப் பாத்தன். அசையல.”

“உங்கப்பன் எங்க?”

பதிலாக ஒரு குறட்டைச் சத்தம் மட்டும், நீளமாக, நிம்மதியாக வந்தது. அக்கா போனைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

“கெளம்பி அரை மணிகூட ஆவல, படுத்துட்டாரு மாமா. குச்சுக்குள்ள போனவரு இன்னும் எந்திரிக்கல.”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். “அப்ப வயசுக்கு வந்தது யாருன்னே தெரியல,” என்றார். அப்புறம் இலையை அம்மா பக்கம் நகர்த்தினார். “அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு போடு.”